17 அங்குலச் சில்லும் கிரவல் வீதியும்

வாசகர் கேள்வி – பதில்

(வாகனம் பற்றிய கேள்விகளுக்கு வவுனியாவில் வசிக்கும் பௌதிகவியல் ஆசிரியை ஒருவர் பதில் எழுதுகிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் தருகிறோம்.)

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, வவுனியாவிலிருந்து மாங்குளம் பக்கத்துப் பாடசாலைக்கு நான் நாள்தோறும் ஓடிப்போவது 2014ஆம் ஆண்டின் சுசுகி ஸ்விப்ட் ஸ்போர்ட் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். காரை அறியாதவர்களுக்காக: 1.6 லீற்றர் எஞ்சின், 136 குதிரைவலு, ஆறு கியர், நான்கு சில்லுக்கும் டிஸ்க் பிரேக், டேர்போ கிடையாது. எடை ஏறத்தாழ 1,050 கிலோ. பார்வைக்குச் சாதாரண ஸ்விப்ட் போலத்தான் இருக்கும்; பின்பக்கம் இரண்டு சைலன்சர் குழாய்கள் தெரியும்.

உடையார்கட்டு வாசகர்: ரீச்சர், எனக்கு வயது 24. கட்டட வேலை மேற்பார்வை செய்கிறேன். வெளிநாட்டிலுள்ள மாமா கொஞ்சம் பணம் தருகிறார், மீதியை லீசிங்கில் போட்டு ஸ்விப்ட் ஸ்போர்ட் ஒன்று வாங்க நினைக்கிறேன். வீட்டிலிருந்து பெரிய வீதிக்கு வர 6 கிலோமீற்றர் கிரவல். வாங்கலாமா?

தம்பி, இப்போது வேண்டாம். உங்கள் ஆசையில் ஒரு குறையும் இல்லை. அந்த 6 கிலோமீற்றரும் லீசிங்கும் சேர்ந்துதான் என்னை இப்படிச் சொல்ல வைக்கின்றன.

இந்தக் காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே இருப்பது 13 சென்ரிமீற்றர். மாரியில் டிப்பர்கள் ஓடி ஓடி நடுவில் மேடும் இருபுறம் பள்ளமுமாகிப் போன கிரவல் வீதியில், அந்த மேடு நேராக எஞ்சினின் அடியில்தான் உரசும். காலையும் மாலையும் 12 கிலோமீற்றர் என்று வைத்தால், ஷொக் அப்சோபரும் புஷ் என்னும் இறப்பர் மூட்டுகளும் நீங்கள் லீசிங் கட்டி முடிப்பதற்கு முன்பே ஒரு முறையாவது செலவு வைக்கும். தவணையும் கட்டி அந்தச் செலவையும் தாங்க வேண்டும். கட்டட வேலையில் ஒரு மாதம் மழை பிடித்தால் வருமானம் என்ன ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும். தவணை மழைக்கு நிற்பதில்லை. மாமாவின் பணத்துக்கு அடங்குகிற பழைய ரொயோட்டா விட்ஸ் ஒன்றைக் கடனில்லாமல் வாங்குங்கள். கிரவல் வீதி காபட் போடப்படும் நாளில் அதை விற்றுவிட்டு ஸ்போர்ட்டுக்கு மாறலாம்.

எப்போது வாங்கினாலும் இவற்றைப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டிலிருந்த கார்களே கை மாறி மாறி விலையேறின. ஆகவே என் காரின் வயதுள்ள ஸ்போர்ட் ஒன்று பல பேரின் கால் பட்டதாக இருக்கும். ஜப்பானில் ஏலத்தில் விற்கப்பட்டபோது எழுதிய அறிக்கையைக் கேளுங்கள். அதில் அன்றைய ஓட்டத் தூரமும் அடிபட்ட இடங்களும் குறிக்கப்பட்டிருக்கும். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது எக்சிலேட்டரை முழுவதும் மிதித்துப் பாருங்கள். எஞ்சின் சுழற்சி ஏறியும் கார் வேகமெடுக்கவில்லையென்றால் கிளச் தட்டு முடிந்துவிட்டது. சில்லுகளைக் கழற்றி உட்பக்க ரிம்மைத் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்த கார் வெளியில் மினுங்கும், உள்ளே நெளிந்திருக்கும்.

பரந்தன் வாசகி: கணவர் இந்தக் காரில்தான் கண் வைத்திருக்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி. வீட்டுக்கு இது ஒன்றுதான் கார்.

அப்படியென்றால் மாமியாரை முதலில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முன் இருக்கை தாழ்வு. இரு பக்கமும் உயர்ந்த அணை உண்டு. முழங்கால் வலிக்கிறவர் இறங்கும்போது அந்த அணையில் தொடையைத் தூக்கிப் போட வேண்டும். பின் இருக்கையில் ஏறுவது அதைவிடச் சுலபம், ஆனால் சில்லின் குலுக்கல் பின்னால்தான் அதிகம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வைத்தியசாலைக்கு அவரை மாதா மாதம் கூட்டிப்போவதாக இருந்தால், அவருடைய சொல்லே கடைசிச் சொல்லாக இருக்கட்டும்.

மாங்குளம் வாசகர்: நகரத்துக்கு வெளியே 70 கிலோமீற்றர்தான் சட்ட வேகம். அப்படியிருக்க 136 குதிரைவலு எதற்கு? 70இல் ஓட அந்தக் காரில் என்ன சுகம்?

இந்தக் கேள்விக்கு ஆற அமரப் பதில் எழுத வேண்டும்.

காலையில் ஓமந்தை தாண்டியதும் வீதி நீண்டு நேராகக் கிடக்கும். அங்கே இந்தக் காரும் சுசுகி ஓல்டோ என்னும் சின்னக் காரும் ஒன்றுதான். புளியங்குளம் தாண்டும்போதே வித்தியாசம் தொடங்குகிறது. ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு திருப்பினால் கார் ஒரு விரல் அளவுதான் திரும்பும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, தாமதமும் இல்லை. ஒரு வளைவுக்குள் நுழையும் முன் ஐந்திலிருந்து நான்குக்கு, நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கி, எஞ்சின் சுழற்சியைக் காலால் சமப்படுத்தி, கிளச்சை விடும்போது ஒரு சிறு உதறல்கூட இல்லாமல் எல்லாம் ஒன்றாகச் சேருகிற அந்தக் கணம் 50 கிலோமீற்றர் வேகத்திலும் கிடைக்கிறது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குக் காட்டுக்குள்ளால் போகும் ஏ-34 வீதியில், சட்ட வேகத்துக்குள்ளேயே, நான் இந்தக் காரை முழுமையாக அனுபவித்திருக்கிறேன். இதைவிட வேகமான பெரிய கார்கள் அந்த வேகத்தில் உறங்குகின்றன. இது சிறியது, எடை குறைந்தது. ஆகவே 50இலேயே விழித்துக்கொள்கிறது.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. நான் நாள்தோறும் ஓடும் ஏ-9 வீதியில் பெரும் ஆபத்து முந்திச் செல்லுதல். கணக்குப் பார்ப்போம். முன்னால் ஒரு பஸ் 50இல் போகிறது. நீங்கள் 70இல் முந்துகிறீர்கள். உங்களுக்கிடையேயான வேக வித்தியாசம் 20 கிலோமீற்றர், அதாவது விநாடிக்கு 5.6 மீற்றர். பஸ்ஸின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 40 மீற்றர் என்று வையுங்கள். அதைக் கடக்க 7 விநாடிக்கு மேல் எடுக்கும். அந்த நேரத்தில் நீங்கள் 140 மீற்றர் போய்விடுவீர்கள். எதிரே 70இல் வரும் டிப்பரும் 140 மீற்றர் வந்துவிடும். ஆக, குறைந்தது 280 மீற்றர் வெறும் வீதி உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இது ஏற்கெனவே 70இல் இருப்பவரின் கணக்கு. பஸ்ஸின் பின்னால் 50இல் ஒட்டிக்கொண்டு போய், வலப்பக்கம் வந்த பிறகு வேகமெடுக்கிற காருக்கு இன்னும் கூடுதலான தூரம் வேண்டும். எஞ்சின் பலவீனமாக இருந்தால், உள்ளே ஐந்து பேர் இருந்தால், குளிரூட்டியும் ஓடிக்கொண்டிருந்தால், அந்தத் தூரம் எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் காரில் மூன்றாவது கியருக்கு இறக்கினால் எஞ்சின் தன் இழுவை மிகுந்த நிமிடத்துக்கு 4,400 சுழற்சியை நோக்கிப் போகும். 50இலிருந்து 70க்கு வர மூச்சு விடும் நேரம்தான். எதிர்ப்பக்கத்தில் நான் இருக்கும் விநாடிகள் குறைகின்றன. இந்தக் காருக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அந்த விநாடிகளுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அதே வலு உங்களுக்கு ஒரு தைரியத்தையும் தரும். 280 மீற்றர் தெரியாத இடத்தில், 'என் கார் இழுத்துவிடும்' என்று நினைத்து வலப்பக்கம் எடுக்க வைக்கும். அந்த நினைப்பு வந்தால் உடனே நான்காவது கியரைப் போட்டு பஸ்ஸின் பின்னாலேயே போங்கள். முறிகண்டியில் எல்லாரும் எப்படியும் நிற்கத்தான் போகிறார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படும்போது அந்த பஸ் உங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

கனகராயன்குளம் வாசகர்: இரவில் வீதியில் மாடுகள் படுத்திருக்கின்றன. நல்ல பிரேக் உள்ள கார் என்பதால் பயமின்றி ஓடலாமா?

ஓடக்கூடாது. என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக்காட்டும் கணக்கை இங்கேயும் தருகிறேன். 70இல் போகும் கார் விநாடிக்கு 19 மீற்றருக்கு மேல் போகிறது. மாட்டைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. பிறகு காய்ந்த காபட் வீதியில், நல்ல ரயரோடு, நிற்க இன்னும் 25 மீற்றர் வரை. மொத்தம் 45 மீற்றர் அளவு. கீழ்நோக்கிய விளக்கு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகிற தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது இரவில் 70 என்பதே விளிம்பு.

இனி 100இல் வருகிறவரைப் பாருங்கள். அவருக்கு நிற்க 80 மீற்றர் அளவு வேண்டும். 70இல் வந்தவர் முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தில், 100இல் வந்தவர் பிரேக்கை முழுவதும் மிதித்த நிலையிலும் இன்னும் 80 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். இந்த எண்ணைப் பார்த்ததும் வகுப்பில் எப்போதும் ஒரு அமைதி விழும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஏ-9 வீதியில் இழந்த ஒரு உறவினர் இருக்கிறார். வவுனியாவிலிருந்து மாங்குளம் வரை 70இலும் 100இலும் இடைவிடாமல் ஓட முடிந்தால்கூட மிச்சம் ஏறக்குறைய 13 நிமிடம். அந்த 13 நிமிடத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ததாக நான் காணவில்லை.

எதிரே வாகனம் இல்லாதபோது மேல்நோக்கிய விளக்கைப் போடுங்கள். மாட்டின் கண் வெளிச்சத்தில் மின்னும், ஆனால் படுத்துக்கொண்டு மறுபக்கம் பார்க்கும் கறுத்த எருமைக்கு எந்த மின்னலும் கிடையாது. மழை முடிந்த இரவுகளில் அவை சூடான தாரைத் தேடி வரும். அந்த நாட்களில் நான் 50க்கு மேல் ஓடுவதில்லை. மாட்டுச் சொந்தக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கட்டி வைக்க முடியாவிட்டால் கழுத்தில் ஒளிதெறிக்கும் பட்டி ஒன்றாவது போட்டுவிடுங்கள்.

ஒட்டுசுட்டான் வாசகர்: 92 பெற்றோலா, 95 பெற்றோலா?

95. இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 11க்கு 1. கலவை அவ்வளவு அமுக்கப்படும்போது, ஒக்டேன் எண் குறைந்த 92 போன்ற பெற்றோல், பொறி மூட்டிய தீ வந்து சேரும் முன்பே தானாகப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். அதுதான் 'நொக்' என்று கராஜ்காரர்கள் சொல்லும் தட்டல் சத்தம். வன்னி வெயிலில் உள்ளே போகும் காற்றே சூடாக இருப்பதால் அந்த ஆபத்து இங்கே கூடுதல். ஜப்பானில் இதற்கு உயர்தரப் பெற்றோல்தான் குறிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் எல்லா நிரப்பு நிலையங்களிலும் 95 கிடைப்பதில்லை. அவசரத்துக்கு 92 போட்டால் எஞ்சின் அன்றே உடைந்துவிடாது. தட்டலை உணரும் கருவி ஒன்று உள்ளே இருக்கிறது. அது பொறி வரும் நேரத்தைப் பின்தள்ளிக் காப்பாற்றும். இழுவை குறையும், செலவு சற்றுக் கூடும். அந்த டாங்க் முடியும் வரை எஞ்சினை விரட்டாமல் ஓடி, அடுத்த முறை 95 போடுங்கள். டாங்க் 42 லீற்றர்; நான் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்கான கியூ.ஆர். முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று இருந்தபோது எத்தனை பேர் இத்தகைய கார்களை விற்றார்கள் என்பது நினைவிருக்கலாம். லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடினாலும் 20 லீற்றர் 280 கிலோமீற்றர்தான். என் வாரத்துக்கு அது போதாது. அன்று பஸ்ஸில்தான் போனேன். கார் வீட்டில் நின்றது.

துணுக்காய் வாசகர்: ஸ்போர்ட் ஒன்று வாங்கிவிட்டேன். ஒரு வருடத்துக்குள் இரண்டு ரயர் பக்கவாட்டில் வெடித்துவிட்டன. தரமற்ற ரயரா?

ரயரில் பிழை இருக்க வேண்டியதில்லை. உங்கள் காரின் ரயரில் 195/45 ஆர் 17 என்று இருக்கும். 195 மில்லிமீற்றர் அகலம். அதில் 45 சதவீதம் பக்கச் சுவரின் உயரம். அதாவது 9 சென்ரிமீற்றர்கூட இல்லை. கல்லும் குழியும் வரும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் அந்தச் சுவர் நசுங்கி உட்கயிறு அறுகிறது. முதலில் வீக்கம், பிறகு வெடிப்பு.

துணுக்காய், மல்லாவிப் பக்க வீதிகளுக்கு 16 அங்குல ரிம்முக்கு இறங்குங்கள். அதற்கு 185/55 ஆர் 16 ரயர் போட்டால் பக்கச் சுவர் 10 சென்ரிமீற்றருக்கு மேல் வரும். முழுச் சில்லின் விட்டம் பழையதுக்கும் புதியதுக்கும் 3 மில்லிமீற்றர்கூட வித்தியாசப்படாது. ஆகவே வேகமானி பொய் சொல்லாது. ஸ்விப்ட் ஆர்.எஸ்., ஹொண்டா ஃபிட் ஆர்.எஸ். போன்றவற்றில் இதே அளவு வருவதால் கடைகளில் தேடி அலையவும் வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. சாதாரண ஸ்விப்ட் ரிம்மை மலிவாகத் தருகிறோம் என்பார்கள். அதன் நட்டுத் துளைகள் பொருந்தாமல் போகலாம்; ஸ்போர்ட்டில் ஐந்து நட்டு. துளை போட்டுத் தருகிறேன், இடையில் தட்டு வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஐந்து நட்டு, நட்டுகள் அமையும் வட்டம் 114.3 மில்லிமீற்றர் என்று எழுதிக் கொடுத்து அதற்குரிய ரிம்மையே கேளுங்கள். பிரேக்கின் மீது உரசாமல் சுழல்கிறதா என்று ஒரு முறை போட்டுப் பார்த்த பின்பே பணத்தைக் கொடுங்கள்.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்யப்பட்டது. புதியதாகத் தெரிகிற பழைய ரயரை அப்படித்தான் பிடிக்க வேண்டும். காற்றை விடியற்காலையில், சில்லு குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அளவு சாரதிக் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். இந்தக் காரோடு ஸ்பெயார் ரயர் வருவதில்லை. ஓட்டையடைக்கும் திரவமும் சிறு பம்பும்தான் வரும். பக்கவாட்டில் வெடித்தால் அந்தத் திரவம் எதற்கும் உதவாது. வெள்ளாங்குளம் வீதியில் இருட்டில் நிற்க விருப்பமில்லையென்றால் ஐந்தாவது சில்லு ஒன்றை வாங்கிப் பின்னால் போட்டு வையுங்கள். சாமான் வைக்கும் இடம் போகும். போகட்டும்.

விசுவமடு வாசகர்: சைலன்சரை மாற்றி, கியர் மாற்றும்போது வெடிச்சத்தம் வருகிற மாதிரிச் செய்யப்போகிறேன். காரையும் இரண்டு அங்குலம் பதிக்க எண்ணம். எது நல்லது?

தம்பி, பதிப்பதைப் பற்றி முதலில். 13 சென்ரிமீற்றரிலிருந்து இரண்டு அங்குலம் போனால் மிஞ்சுவது 8. உங்கள் ஊர்ப் பாடசாலை முன்னாலுள்ள வேகத்தடையில் கார் வயிற்றை வைத்து நின்றுவிடும். அது உங்கள் பணம், உங்கள் கார், முடிவும் உங்களுடையது.

சத்தம் அப்படி இல்லை. எரியாத பெற்றோலை வேண்டுமென்றே சைலன்சருக்குள் விட்டு வெடிக்க வைப்பதுதான் நீங்கள் கேட்கும் சத்தம். அதனால் புகையைச் சுத்திகரிக்கும் பகுதி எரிந்து போகும், புகைப் பரிசோதனையில் தேறாது, பொலிஸார் நிறுத்துவார்கள். இவற்றை எல்லாம் நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் சொல்ல விரும்புவது வேறு.

நீங்கள் விசுவமடுவில் இருக்கிறீர்கள். யுத்தம் முடிந்த 2009இல் உங்களுக்கு எத்தனை வயது என்று எனக்குத் தெரியாது. உங்கள் அம்மாவுக்கு, பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு, சந்தியில் கடை வைத்திருக்கிறவருக்கு எத்தனை வயது என்று யோசியுங்கள். திடீரென்று ஒரு வெடிச்சத்தம் கேட்டால் பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிலத்தில் குந்துகிறவர்கள் உங்கள் ஊரால் போகும் ஏ-35 வீதியின் இரு பக்கமும் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் பாடசாலையில் ஒரு கல்யாண வீட்டுப் பட்டாசுச் சத்தத்துக்கு உடன் ஆசிரியை ஒருவரின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை விழுந்தது. அவர் நடுங்கியபடி சிரித்துச் சமாளித்தார். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கொழும்பில் அந்தச் சத்தம் ஒரு தொல்லை. இங்கே அது ஒரு மனிதரை வேறொரு நாளுக்குத் திருப்பி அனுப்பிவிடும். உங்கள் காரை நீங்கள் நேசிப்பது எனக்குப் புரிகிறது. நானும் அப்படித்தான். அந்த நேசத்தை ஊர் பயப்படாத வகையில் காட்டுங்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்.

அந்தப் பணத்துக்கு நல்ல பிரேக் பட்டைகளும் நான்கு நல்ல ரயர்களும் வாங்குங்கள். கார் மாறிவிட்டதை முதல் வளைவிலேயே உணர்வீர்கள்.

முள்ளியவளை வாசகர்: இறுதி யுத்தத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். செயற்கைக் கால் போட்டிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கார் என்றால் உயிர். இந்த மாதிரிக் காரை நான் ஆசைப்படுவது சரியா, ரீச்சர்?

முழு உரிமையோடு ஆசைப்படுங்கள். உங்களுக்கேற்ற ஸ்போர்ட் ஒன்று இருக்கிறது.

2011இன் இறுதியிலிருந்து 2016 வரை வந்த இந்த உருவத்தில் ஆறு கியர் காரோடு சி.வி.ரி. என்னும் தானியங்கி வகையும் விற்கப்பட்டது. அதில் கிளச் மிதி கிடையாது. எக்சிலேட்டரும் பிரேக்கும் வலது காலுக்கு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு சிறிய நெம்புகள் உண்டு. விரலால் இழுத்து ஏழு படிகளில் நீங்களே ஏற்றி இறக்கலாம். கியர் கார் தருகிற முழுச் சுகம் அதில் இல்லைதான், ஆனால் வளைவுக்கு முன் நீங்களே இறக்கி, வெளியே வரும்போது நீங்களே ஏற்றலாம். எஞ்சினும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் என்னுடைய காரில் உள்ளவையே. 2017க்குப் பின் வந்த 1.4 லீற்றர் டேர்போ வகையில் தானியங்கி ஆறு படிகளில் வருகிறது, விலை அதிகம்.

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். செயற்கைக் காலோடு, நீங்கள் வழக்கமாகப் போடும் செருப்போடு அல்லது சப்பாத்தோடு, அந்தக் காரில் பல முறை ஏறி இறங்குங்கள். இருக்கையின் அணை உயரம் என்று பரந்தன் வாசகிக்கு எழுதியிருக்கிறேன். நம் நாட்டில் சாரதி வலப்பக்கம் இருப்பதால் வலது கால் கதவுப் பக்கம்; ஏறும்போது இடது கால்தான் முதலில் உள்ளே போக வேண்டும், இறங்கும்போது அதுதான் கடைசியாக வெளியே வர வேண்டும். அது உங்களுக்கு எவ்வளவு வசதி என்று உங்கள் உடல்தான் சொல்லும். இருக்கையை உயர்த்தும் பிடி பக்கத்தில் உண்டு. உள்ளே இடப்பக்கம் கால் வைக்கும் மேடை இருக்கிறது. செயற்கைப் பாதம் அதிலிருந்து நழுவிப் பிரேக் மிதியின் கீழ் போகாமல் இருக்கிறதா என்று நின்ற காரில் சோதியுங்கள். உணர்ச்சியில்லாத பாதம் நழுவினால் உங்களுக்குத் தெரியவராது. இது மிக முக்கியம். மேடையில் சொரசொரப்பான இறப்பர் ஒட்டினால் போதும். தரை விரிப்பையும் கொளுவியால் பிடித்து வையுங்கள்.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்குரிய மருத்துவச் சான்றிதழைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் எடுக்கும்போது காலைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். காப்புறுதிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நாளை ஒரு விபத்தென்றால், அது உங்கள் பிழையாக இல்லாவிட்டாலும், மறைத்த ஒன்றைக் காரணம் காட்டி எவரும் உங்கள் உரிமையைத் தட்டிப்பறிக்க இடம் கொடுக்க வேண்டாம். வாங்கிய பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் காத்திருப்பேன்.

பூநகரி வாசகர்: மாரியில் வீதிக்கு மேலால் நீர் பாயும்போது எவ்வளவு ஆழம் வரை போகலாம்? உப்புக் காற்றுக்கு என்ன செய்வது?

சில்லின் நடுப்பகுதியை நீர் தொடுமென்றால் போகாதீர்கள். பாய்கிற நீரென்றால் அதற்கும் குறைவிலேயே நின்றுவிடுங்கள். சிறிய காரைத் தூக்கித் தள்ள அதிக ஆழம் தேவையில்லை. எஞ்சின் நீரை உறிஞ்சினால், அமுக்க முடியாத அந்த நீரில் மோதி இணைப்புத் தண்டு வளைந்துவிடும். நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் பண்ண முயலாதீர்கள். தள்ளிக் கரையேற்றி கராஜுக்குச் சொல்லுங்கள்.

உப்புக்கு: சங்குப்பிட்டிப் பாலத்தாலும் வட்டுவாகல் பாலத்தாலும் அடிக்கடி போகிறவர்கள் வாரம் ஒரு முறை காரின் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவ வேண்டும். மேலே மினுக்குவது பிறகு. காலபோக அறுவடைக் காலத்தில் இன்னொன்று: வீதியோரம் காயும் நெல்லின் மேலால் ஓடாதீர்கள். அது ஒருவருடைய ஒரு போகத்து உழைப்பு. அந்தத் தூசும் உமியும் காற்று வடிகட்டியை அடைக்கும். அறுவடை முடிந்ததும் கழற்றிப் பாருங்கள்.

மல்லாவி வாசகி: எனக்கு 41 வயது. நானும் ஆசிரியை. கியர் கார் பழக ஆசை. 'பெண்களுக்கு ஓட்டோ கியர் கார் போதும்' என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். இனிப் பழகலாமா?

பழகுங்கள், தங்கச்சி. கிளச்சுக்கு ஆண் பெண் தெரியாது, வயதும் தெரியாது. இந்தக் காரின் கிளச் மிதி உழவு இயந்திரத்தின் மிதியோடு ஒப்பிட்டால் மிக மெதுமையானது. உங்கள் ஊர்ப் பெண்கள் நெல்லுப் பையோடு உழவு இயந்திரம் ஓடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மைதானம் போன்ற சமதரையில் தொடங்குங்கள். முதல் நாள் எக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். முதலாம் கியரில் கிளச்சை மட்டும் மிக மெதுவாக விட்டால் கார் தானாக ஊரும். எந்த இடத்தில் கிளச் பிடிக்கிறது என்பதை இடது பாதம் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நம் பக்கத்தில் மலை இல்லை; ஏற்றத்தில் எடுத்துப் பழகக் குளக்கட்டுக்கு ஏறும் பாதைகள் போதும். கைப்பிரேக்கை இழுத்து, கிளச் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, முன்பக்கம் சற்று எழும்பும்போது கைப்பிரேக்கை விடுங்கள். ரயில் கடவையில் ஒருபோதும் கியர் மாற்றாதீர்கள். நின்று, இரு பக்கமும் பார்த்து, முதலாம் கியரில் ஏறி அதே கியரில் மறுபக்கம் இறங்குங்கள். காவலாள் இல்லாத கடவைகள் இன்னும் இருக்கின்றன. கார் நடுவில் நின்றுபோகக் கூடாது.

பழக்குகிறவர் கணவராகவோ தம்பியாகவோ இல்லாமல், சாரதிப் பயிற்சி நிலையத்தவராக இருப்பது நல்லது. உறவினர்கள் சத்தம் போடுவார்கள்; சத்தம் போட்டால் கால் நடுங்கும். அனுமதிப்பத்திரப் பரீட்சையையும் கியர் காரிலேயே செய்யுங்கள். அது முடிந்து, உள்ளூர் வீதிகளில் கொஞ்சம் கை பழகியதும் வவுனியாப் பக்கம் வரும்போது சொல்லுங்கள். ஓமந்தையிலிருந்து புளியங்குளம் வரை என் காரை நீங்களே ஓடிப் பாருங்கள். நான் பக்கத்தில் இருக்கிறேன். என் தொலைபேசி இலக்கம் ஆசிரியர் குழுவிடம் உண்டு.